மூன்றாவது பதில்

டைப் மெஷினை வைக்க இடம் கேட்டேன்.
பந்திக்கட்டில், முற்றத்தை ஒட்டிய தூணடியில்
ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்கள்.
எதிரே நீள மேஜை, ஐந்து அதிகாரிகள்.
மேஜை சாவன்னா கானா வீட்டுடையது.
அவர்கள் தொப்பியைக் கழற்றி வைத்திருந்த
வெள்ளித் தாம்பாளமும்.

கானாடுகாத்தானில் அப்போது பட்டாளம்தான் குடியிருந்தது.
விமானத் தளத்துக்கு ஜல்லி அடித்த லாரிகள்
வீதிக்கு ஒன்றாய்ப் பழுதாகி நின்றன.
சண்டை முடிந்து மூன்று மாதம். ஐப்பசி.

குற்றம் சாட்டப்பட்டவர்: லெப்டினன்ட் யோபு அருமைநாயகம்.
ஊர் நாசரேத். வயது இருபத்தாறு.
கப்பல் ஏறச் சொன்ன உத்தரவை
நாலாக மடித்துக் கர்னல் மேஜையில் திருப்பி வைத்தவன்.
கப்பல் போகும் இடம், சைகோன்.

அந்தப் பெயரை அடிக்கையில்
என் விரல் பக்கத்து எழுத்தில் விழுந்தது.
அழித்தேன். மூன்று பிரதியிலும் அழித்தேன்.

சைகோனில் நான் ஆறு வருஷம் அடுத்தாள்.
பெட்டியடிப் பையனாகக் கொண்டுவிக்கப் போய்
கடைசிக் கப்பலில் வெறுங்கையோடு திரும்பியவன்.
சம்பள பாக்கி ஆயிரத்து நூற்றுப் பத்து பியாஸ்தர்
பேரேட்டில் என் பெயருக்கு நேரே நிற்கிறது.
பட்டாளம் போய் இறங்கினால் கடை திறக்கும்.
கடை திறந்தால், வயலை அடமானம் வைத்தவன் வந்தாக வேண்டும்.
அவன் வந்தால் வட்டி. வட்டி வந்தால் நான்.
இந்த ஆள் போக மாட்டேன் என்கிறான்.

தலைவர் கேட்டார்:
மறுத்ததற்குக் காரணம் ஏதாவது சொல்ல இருக்கிறதா?

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.
நாலு பக்கக் கூரைத் தண்ணீரும்
ஒரே முற்றத்தில் விழுகிற வீடு.
மேஜைக்கு வாய் அசைவது மட்டும் தெரிந்திருக்கும்.
தூணடியில் எனக்குக் கேட்டது:

“இம்பாலில் என் ஆட்கள் முப்பத்தொரு பேரை
ஜப்பான்காரன் கொன்றான். நான் அவனைக் கொன்றேன்.
அதற்குப் பதக்கம் குத்தினீர்கள்.
சைகோனில் அதே ஜப்பான்காரன் கையில்
துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து
நம் வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறீர்களாம்.
இரண்டு பேரும் சேர்ந்து சுட வேண்டியது
சொந்த ஊரைத் திருப்பிக் கேட்கிறவனை.
நாளைக்கு என் ஊரை நான் கேட்டால்
எந்த ஊர்க்காரனைக் கப்பலில் கொண்டுவருவீர்கள்?”

“கேட்கவில்லை” என்றார் தலைவர், காதோரம் கையைக் குவித்து.

இரண்டாம் தடவை குரல் உயர்ந்தது, பேச்சு பாதியானது.
ஜப்பான்காரன் வந்தான். முப்பத்தொரு பேர் வரவில்லை.
“இன்னும் உரக்க.”

அருமைநாயகம் முற்றத்தைப் பார்த்தார்.
மழை விடட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.
அதிகாரிகளின் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது,
உள்ளே கறி தாளிக்கிற வாசம்.
மூன்றாம் தடவை மூன்றே சொல்:
“நான் போக மாட்டேன்.”

மன்றம் கேட்டதை மட்டும் அடிக்க வேண்டும். விதி அது.
அடித்தேன்.
கார்பன் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்,
அதிலும் அவ்வளவுதான் இருந்தது.

தண்டனை உறுதியாகி வந்தது பதினோராம் நாள்.
பதவி பறிப்பு, இரண்டு வருஷம் சிறை.
தோளில் இருந்த நட்சத்திரத்தை வெட்டக் கத்தரி கிடைக்கவில்லை.
சமையல்காரர் ஓடிப்போய்ப் பாக்குவெட்டி கொண்டுவந்தார்.
நூல் வலுவாகத் தைத்த நூல்.
சுபேதார் கை நடுங்கி இரண்டு தடவை தவறினார்.
அருமைநாயகம் தோளைச் சற்றுத் தாழ்த்திக் கொடுத்தார்.

சைகோன் பணம் ஐம்பதாம் வருஷம் வந்தது,
செலவு கழித்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்.
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
வீட்டுக்கு ஓடு மாற்றினேன். ஒழுகவில்லை.

மழை நாளில் என் மனைவி ஏதாவது சொன்னால்
காதில் விழாவிட்டாலும்
“கேட்டது, கேட்டது” என்றுவிடுவேன்.
இரண்டாம் தடவை சொல்ல விடமாட்டேன்.